பாம்பாறு கேரளாவுல பொறந்துட்டு ஏன் தமிழ்நாட்டுக்குள்ள வருது?

நான் கேரளா இடுக்கி மாவட்டத்து மறையூர்க்காரன்ங்க, அதனால சொல்றேன். எல்லாம் மலையோட சாய்வுதான். ஆனைமுடி பக்கம் மேக்கால விழுற மழை முதிரப்புழை வழியா பெரியாத்துக்குப் போகும், கிழக்கால விழுறது பாம்பாறாகி மறையூரைத் தாண்டி தூவானத்துல அருவியா விழுந்து கூட்டாறுல சின்னாறோட சேரும், அப்புறம் அமராவதி டேம், கடைசில கரூர் பக்கம் காவிரி. கேரளாவோட 44 ஆறுல கிழக்க ஓடுறது கபினி, பவானி, பாம்பாறு மூணே மூணுதான்.

சின்னாறு கொஞ்ச தூரம் ரெண்டு ஸ்டேட்டுக்கும் எல்லையாவே ஓடும். எங்க மறையூர் இருக்குற தேவிகுளம் தாலுகா தமிழ்நாட்டுக்கு வேணும்னு அப்போ பெரிய போராட்டமே நடந்துச்சு, ஆனா 1956ல கேரளாவோட போயிடுச்சு, அந்த வருத்தம் இங்க பெரியவங்க பேச்சுல இன்னும் இருக்கு.

தண்ணிக் கணக்கு வேற. 2007ல காவிரி நடுவர் மன்றம் பாம்பாறு படுகைக்காக கேரளாவுக்கு 3 டிஎம்சி (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி தண்ணி) ஒதுக்குச்சு. கேக்க சின்னதாத்தான் இருக்கும், ஆனா எங்க ஊரு மழை மறைவுப் பகுதி, மூணாறுல கொட்டுறப்போ இங்க தூறல்தான், கரும்பும் காந்தளூர் பூண்டும் நிக்கணும்னா இந்தத் தண்ணி வேணும், கீழ உடுமலை, தாராபுரம் வயலுக்கும் இதே தண்ணிதாங்க.