ரீல்ஸ் இருக்க பத்திரிகை விளம்பரம் எதற்கு?

கேள்வி: எங்கள் ஊர் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக்கு நாளிதழ் விளம்பரமே தரவில்லை. இன்ஸ்டாகிராம் பிரபலம் ஒருவரை வைத்து ரீல்ஸ் போட்டார்கள். பத்திரிகை விளம்பரம் இனி அவ்வளவுதானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். முதலில் கைவிட்டுப் போனவை, 'காலம் சென்டிமீட்டர்' (ஒரு பத்தி அகலம், ஒரு செ.மீ. உயரம்) கணக்கில் இடம் வாங்கிய உள்ளூர்க் கடைகளின் சின்ன விளம்பரங்கள்தான். கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். ரீலை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விசாரித்தார்கள் என்பது அவர்களுக்கு அன்றே தெரிகிறது. எங்களால் அதைச் சொல்ல முடிந்ததே இல்லை. நகை, வீட்டுமனை, கல்லூரிச் சேர்க்கை விளம்பரங்கள் இன்னும் முழுப்பக்கத்தில் வருகின்றன. சரி, அது இருக்கட்டும்.

என் கவலை வேறு. அச்சில் விளம்பரம் விளம்பரமாகவே தெரியும். செய்தி மாதிரி எழுதினால் மேலே 'விளம்பரம்' என்று போடுவோம். ரீலிலோ, காசு வாங்கியவர் பக்கத்து வீட்டு அக்கா மாதிரி பேசுகிறார். விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021 ஜூன் முதலே இது விளம்பரம் என்று ரீலிலும் குறிப்பிடச் சொல்கிறது. பொய் விளம்பரமாக இருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மருந்து, முதலீடு பற்றிப் பேசுபவர்களிடம் இன்னும் கறாராக இருங்கள் அம்மா.