தோட்டத்தை விற்று ரேடியாலஜி சீட்டா?

ஐயா, உங்கள் மகள் ஹவுஸ் சர்ஜன் முடித்துவிட்டு நீட் பிஜி மதிப்பெண்ணோடு இருக்கிறார். அரசுக் கல்லூரியில் எம்.டி. ரேடியாலஜி கிடைக்கிற ரேங்க் இல்லை. "தோட்டத்தை வித்து நிகர்நிலையில சீட் போட்ருவோம், பெறகு ஊர்லயே ஸ்கேன் சென்டர்" என்கிறார் தாய்மாமன். "பொம்பளப் பிள்ளைக்குக் கதிர்வீச்சு ஆகாது" என்கிறார்கள் அத்தை வீட்டில். உங்களுக்குத் தூக்கம் போனதில் ஆச்சரியமில்லை.

மகள் கேட்பது ஸ்கேன் சென்டரே அல்ல. இரத்தக்குழாயை எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி சிகிச்சை செய்யும் கேத் லேபில் நின்று புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார். ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி ஊசி, குழாய் வழியே சிகிச்சை செய்யும் அந்தப் பிரிவுக்குப் பெயர் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி. உறவுக்காரர்கள் யாரும் கேள்விப்படாத படிப்பு என்பதாலேயே பேச்சில் அடிபட்டுப் போயிருக்கிறது. சர்ஜரி, மெடிசின் பற்றிச் சொல்ல ஊரில் ஆள் உண்டு, அவற்றை விடுகிறேன்.

வேலை எப்படி இருக்கும் என்று கேளுங்கள். நல்ல கல்லீரலுக்கு இரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. கல்லீரல் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் கல்லீரலுக்கான ஹெபாடிக் தமனியை நம்பியே வளர்கிறது. தமனி வழியே கட்டிக்கு மருந்து செலுத்தி இரத்த ஓட்டத்தை அடைக்கும் 'டேஸ்' (TACE) சிகிச்சை இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான். தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ தமனியில் ஊசி போட்டு, கம்பி விட்டு, '5 பிரெஞ்ச்' அளவுள்ள கதீட்டர் என்ற மெல்லிய குழாயை, ஹெபாடிக் தமனி கிளைக்கும் சீலியாக் தமனி வரை கொண்டுபோவார்கள். அதன் தடிமன் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குள் இன்னும் மெல்லிய மைக்ரோ கதீட்டர், கட்டிக்குப் போகும் கிளைக்குள். டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை லிப்பியோடால் எண்ணெயில் குழைத்துச் சொட்டுச் சொட்டாகச் செலுத்திவிட்டு, ஜெல்ஃபோம் என்ற பஞ்சு போன்ற பொருளின் துணுக்குகளால் வழியை அடைப்பார்கள். சில நாள் காய்ச்சல், வலி, குமட்டல் சகஜம். மருந்து பித்தப்பைக்கோ இரைப்பைக்கோ போகும் கிளையில் வழிந்தால் அங்கே புண்ணாகும். போர்ட்டல் சிரை அடைத்தவருக்கு யோசிக்காமல் செய்தால் கல்லீரலே செயலிழக்கலாம். பித்தநாளத்தில் ஸ்டென்ட் உள்ளவருக்குச் சீழ்க்கட்டி வரும் அபாயம் அதிகம். ஆகவே கைத்திறனுக்கு முன்னால் யாருக்குச் செய்யக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கட்டி 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் தோல் வழியே ஊசி நுழைத்துச் சூடேற்றிக் கட்டியைச் சுட்டழிக்கலாம். கட்டியைச் சுற்றி 5 முதல் 10 மில்லிமீட்டர் நல்ல திசுவும் சேர்ந்து வேகவேண்டும். பக்கத்தில் பெரிய இரத்தக்குழாய் ஓடினால் அது சூட்டை இழுத்துக்கொள்ளும். அந்த ஓரத்தில்தான் நோய் திரும்பும். குடல் ஒட்டியிருந்தால் இடையில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) ஏற்றி விலக்குவார்கள். ரேடியோ அலை ஊசி என்றால் சலைன் என்ற உப்புக் கரைசல் கூடாது, அது மின்சாரத்தைக் கடத்தும்.

இவை பளபளப்பான பகுதி. அன்றாடம் வருவது பயாப்சி (சோதனைக்குத் திசு எடுப்பது), கீமோ மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் போர்ட், அடைப்பு மஞ்சள் காமாலைக்குப் பித்தம் வடிக்கும் குழாய், நடுராத்திரியில் கட்டி வெடித்து இரத்தம் கொட்டுகிறவர். இதற்கும் மகள் சம்மதமா என்று அவரிடமே கேளுங்கள், மாமாவிடம் வேண்டாம்.

இனி பணம். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழக ரேடியாலஜி சீட் மூன்றாண்டில் கோடியைத் தாண்டும். தோட்டம் போக மீதிக்குக் கடன்தான். ஒரு கோடிக்கு 10 சதவீத வட்டி மட்டுமே மாதம் 83,000 ரூபாய்க்கு மேல். எம்.டி. மூன்றாண்டு, அதன்பின் நீட் எஸ்எஸ் என்ற நுழைவுத்தேர்வு எழுதி, டிஎம் அல்லது டிஆர்என்பி என்ற உயர்சிறப்புப் பட்டத்துக்கு இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி இன்னொரு மூன்றாண்டு. வங்கித் தவணை கழுத்தை நெரிக்கும்போது யார் உதவித்தொகையில் மறுபடி மாணவியாக உட்கார்வார்கள்? ஊர் ஊராக ஸ்கேன் ரிப்போர்ட் எழுதப் போய்விடுவார். அவர் விரும்பியதை அந்தச் சீட்டே கொன்றுவிடும். மாமா சொல்லும் ஸ்கேன் சென்டருக்கு மெஷின் விலை தனி, அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மாற்று இருக்கிறது. தேசியத் தேர்வு வாரியம் தரும் பட்டமான டிஎன்பி ரேடியாலஜி மூன்றாண்டு, எம்.டி.க்குச் சமம், கட்டணம் அந்தக் கோடிக்குப் பக்கத்தில்கூட வராது, உதவித்தொகையும் உண்டு. அதுவும் எட்டாவிட்டால் இரண்டாண்டு டிஎம்ஆர்டி என்ற ரேடியாலஜி டிப்ளமா, அதன்பின் தனித் தேர்வெழுதி இரண்டாண்டு டிஎன்பி. ஒரு வருஷம் கூடும், தோட்டம் மிஞ்சும். ஒரு வருஷம் மறுபடி படித்து எழுதுவதும் கேவலமில்லை.

கதிர்வீச்சுப் பயம் பொய்யில்லை, ஆனால் அளவு தெரிந்து பயப்பட வேண்டும். இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு), எந்த ஓராண்டிலும் 30. சட்டையில் மாட்டும் டிஎல்டி பேட்ஜ் அந்த அளவைப் பதிவு செய்யும். கருவுற்றதைத் தெரிவித்ததும் கருவுக்கு மீதிக் காலத்துக்கும் 1 மில்லிசீவர்ட் என்று தனி வரம்பு வந்துவிடும், வேலையை அதற்கேற்ப மாற்ற வேண்டும். ஈய ஏப்ரன், தைராய்டு காலர், ஈய மூக்குக்கண்ணாடி மூன்றும் இல்லாமல் உள்ளே போகக்கூடாது. கல்யாணப் பேச்சில் யாரும் சொல்லாத தொல்லை ஒன்று உண்டு: மணிக்கணக்கில் ஏப்ரன் சுமந்து வரும் முதுகுவலி. பாவாடையும் மேற்சட்டையுமாக இரு துண்டாக உள்ளதை வாங்கினால் பாரம் இடுப்புக்கும் பங்காகும்.

கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் போடுமுன் ஒவ்வொரு இடத்திலும் படிக்கும் ரெசிடென்ட் (முதுநிலை மாணவ மருத்துவர்) ஒருவரிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கேத் லேபில் இரத்தக்குழாயைக் காட்டும் ஆஞ்சியோ மெஷின் ரேடியாலஜி துறையிடம் இருக்கிறதா, இதயப் பிரிவு விட்டுக்கொடுக்கும் நேரத்தில்தானா? பித்தக் குழாய் வைப்பது மாதம் எத்தனை? ரெசிடென்ட் கையில் ஊசி தருகிறார்களா, வேடிக்கை பார்க்க வைக்கிறார்களா? இரண்டுக்காவது நல்ல பதில் வரும் இடத்தை மேலே போடட்டும்.