அம்மா அப்பாவின் 50ஆவது கலியாண நாளுக்குப் படப் புத்தகம் அடிக்கிறேன். தாள் கிளொசியா (பளபளப்பானது), மற்றா (மினுக்கம் இல்லாதது)? பக்கங்களுக்குப் பின்னணி என்ன போடலாம்?

இரண்டுக்கும் இடைப்பட்ட மினுக்கம் உள்ள லஸ்ரர் தாள் கிடைத்தால் லஸ்ரர், இல்லாவிட்டால் மற். கிளொசி வேண்டாம்.

ஸ்ரூடியோவில் சாம்பிள் காட்டும்போது கிளொசிதான் ஆளை இழுக்கும், கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், கூறைச் சேலையின் சரிகை மின்னும், எல்லாம் உண்மைதான். ஆனால் வீட்டில் இதை எப்படிப் பார்ப்பார்கள்? விறாந்தையில் ஒருவர் மடியில் வைத்துப் புரட்ட மற்றவர்கள் பக்கத்தில் இருந்து எட்டிப் பார்ப்பார்கள், ரியூப் லைற் தாளில் விழுந்தால் அவர்களுக்கு முகம் தெரியாது, வெள்ளைக் கோடுதான் தெரியும். பலகாரம் சாப்பிட்ட கை பட்ட இடமெல்லாம் ரேகை வேறு.

யாழ்ப்பாணத்து மாரியையும் யோசியுங்கள். அசல் போட்டோத் தாளில் கழுவி ஒட்டுகிற அல்பம் என்றால் அந்தத் தாளின் மேல் இருப்பது ஜெலட்டின் படலம், அது ஈரத்தை இழுத்து இளகும். வழுவழுப்பான கிளொசிப் பக்கங்கள் எதிரெதிரே மூடிக் கிடந்தால் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், லஸ்ரரின் மெல்லிய சொரசொரப்பில் அந்த ஆபத்துக் குறைவு. மற் தாளுக்கும் ஒரு குறை உண்டு, கறுப்பு கொஞ்சம் சாம்பல் தட்டும். அதனால் நல்லூர்த் திருவிழாவில் இரவில் எடுத்த படங்கள், மண்டபத்துக்குள் எடுத்தவை எல்லாம் கொடுக்குமுன் இருட்டுப் பகுதியைச் சற்று வெளிச்சமாக்குங்கள். திரையின் பிரகாசத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தால் எவ்வளவு தேவை என்று தெரியும்.

சரி, பின்னணி. ஸ்ரூடியோக்காரர் காட்டுகிற ரோசாப்பூ, இதயம், தங்கச் சுருள் எதுவும் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். 70களின் கலியாணப் படங்கள் பல, மேற்பரப்பில் பட்டுத்துணி போல வரிவரியாக இருந்த தாளில் அடித்தவை. ஸ்கான் பண்ணும்போது அந்த வரியும் சேர்ந்து வரும், அதற்குப் பின்னால் பூவையும் போட்டால் கண் எங்கே நிற்பது? பழைய படங்களுக்குத் தூய வெள்ளையும் சரிவராது, பக்கத்தில் வெள்ளை இருந்தால் படத்தின் பழுப்பு இன்னும் கூடித் தெரியும். இளம் கிறீம் நிறம் போடுங்கள். போனில் எடுத்த கலர்ப் படங்களுக்கு வெள்ளையே போதும்.

கறுப்புப் பின்னணி திரையில் வடிவுதான். ஆனால் டிஜிட்டல் அச்சில் மடிப்பு வரும் இடத்தில் மை வெடித்து வெள்ளைக் கீறல் தெரியத் தொடங்கும், அதுவும் எல்லாரும் திரும்பத் திரும்பப் புரட்டுகிற புத்தகத்தில். பக்க ஓரத்தோடு ஒட்டி மெல்லிய கரைக் கோடும் போடவேண்டாம், வெட்டும்போது ஒரு மில்லிமீற்றர் விலகினாலே கோணலாகத் தெரியும். பின்னணி நிறத்தையும் வெட்டுக் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீற்றர் நீட்டிக் கொடுக்கவேண்டும்.

1995இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் வெளியேறிய இடப்பெயர்வோடு அல்பம் போன வீடுகளில் மிச்சம் இருப்பது கனடாவிலோ லண்டனிலோ உள்ள சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதிதானே. உங்களுக்கும் அப்படி என்றால் டொக்கியுமென்றாக ஒருக்கால் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும். 1200 பிக்சல் அகலப் படம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 4 அங்குலத்துக்குத்தான் காணும், அதை முழுப்பக்கத்துக்கு இழுக்காமல் கிறீம் பக்கத்தின் நடுவில் சின்னதாகவே வையுங்கள். சுற்றி இடம் சும்மா கிடக்கிறதே என்று ஸ்ரூடியோக்காரர் அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் போட வருவார், விடாதீர்கள்.

முழுப் புத்தகத்துக்கும் ஓடர் கொடுக்குமுன் ஒரு பழைய படமும் ஒரு புதுப் படமும் சேர்ந்த ஒரே ஒரு பக்கத்தை அதே தாளில் அடித்துத் தரச் சொல்லுங்கள், தனிக் காசு கேட்டாலும் கொடுங்கள். அதை ஸ்ரூடியோ வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய் இரவு லைற்றில் பாருங்கள்.