அந்த 6.4 வருடம் எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

இரட்டைச் சகோதரிகளில் தங்கை ராக்கெட்டில் 4 ஒளியாண்டு தூரம் போய்த் திரும்புகிறாள். வேகம், ஒளி வேகத்தில் 80 விழுக்காடு. ஐன்ஸ்டைனின் சார்பியல்படி பூமியிலிருக்கும் அக்காவுக்கு 10 வருடம் ஆகிறது, தங்கைக்கு 6. இதுவரை சரி. ஆனால் தங்கை ராக்கெட்டைத் திருப்பும் கணத்தில் பூமியில் 6.4 வருடம் ஒரே தாவலாகத் தாவிவிடுகிறது என்று படித்தேன். அப்போது அக்காவுக்கு என்னதான் ஆகிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒன்றும் ஆவதில்லை. அவள் பாட்டுக்குக் காபி குடித்துக்கொண்டிருக்கிறாள். தாவுவது தங்கையின் கணக்கு நோட்டு.

எங்கோ தொலைவில் ‘இப்போது’ மணி என்ன என்று யாரும் பார்த்துச் சொல்ல முடியாது, கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். 12.00க்கு ஒளியை அனுப்புகிறீர்கள். தொலைவில் ஒரு கண்ணாடியில் பட்டு 12.10க்குத் திரும்புகிறது. கண்ணாடியில் பட்டது எப்போது? போக ஐந்து, வர ஐந்து, ஆக 12.05 என்று 1905இல் ஐன்ஸ்டைன் வைத்துக்கொண்டார். அதைச் சரிபார்க்க இரண்டு முனையிலும் ஒத்துவைத்த கடிகாரங்கள் வேண்டும். ஒத்துவைக்கத்தானே ஒளியையே அனுப்பினோம்! எனவே இது வெறும் ஏற்பாடு, நடுவில் எந்த நேரத்தை வைத்தாலும் முரண் வராது என்றார் தத்துவவாதி ரைஹன்பாக். (1977இல் மாலமென்ட் என்ற இன்னொரு தத்துவவாதி இதை மறுத்தார். அந்தச் சண்டை தனிக்கதை.)

ஐன்ஸ்டைனின் ஏற்பாட்டில் தொலைவின் ‘இப்போது’ ஒருவரின் ஓட்டம் மாறினால் மாறும். எனவே தங்கை போகும்போது ஒரு நோட்டு, வரும்போது இன்னொன்று. திரும்புமுன் பழைய நோட்டில் அக்காவுக்கு 1.8 வருடம், திரும்பியதும் புது நோட்டில் 8.2. அவ்வளவுதான் உங்கள் 6.4.

‘இப்போது’வை விட்டுவிட்டுத் தபாலை எண்ணிப் பாருங்கள். 1911இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லாஞ்சவான் தன் கற்பனை விண்பயணியை வைத்துச் செய்ததும் ஏறக்குறைய இதுதான். பிறந்தநாளன்று புறப்பாடு. இருவரும் அவரவர் பிறந்தநாளுக்கு ரேடியோவில் வாழ்த்து அனுப்புகிறார்கள். விலகிப்போகும் 3 வருடத்தில் தங்கைக்கு வருவது ஒன்றே ஒன்று, அதுவும் ராக்கெட் திரும்பும் அன்றுதான். நெருங்கிவரும் 3 வருடத்தில் ஒன்பது. மொத்தம் 10. அக்காவுக்கோ, ராக்கெட் திரும்பிய செய்தி வரவே 9 வருடம் ஆகிறது: ராக்கெட் போய்ச்சேர 5, ஒளி வந்துசேர 4. அதுவரை மூன்று வாழ்த்து, கடைசி ஒரே வருடத்தில் மூன்று. மொத்தம் 6.

வாழ்த்து மந்தமாக வரும் காலமும் வேகமாக வரும் காலமும் தங்கைக்குப் பாதிப் பாதி, அக்காவுக்கு ஒன்பதுக்கு ஒன்று. எந்த நோட்டை வைத்தாலும் இந்த எண்ணிக்கை மாறாது. தாவலும் எங்கும் இல்லை. அக்காவின் பத்தாவது வாழ்த்துக்கும் தங்கையின் ஆறாவதுக்கும் ரேடியோகூட வேண்டாம், ராக்கெட் படியில் நின்று நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம்.