மழைக்காலத்தில் ஒட்டிய கிட்டார் பலகை ஏன் குழிந்தது?

கேள்வி: தூத்துக்குடியில் மொட்டைமாடி அறையை வொர்க்‌ஷாப் ஆக்கி, முதல் அக்கூஸ்டிக் கிட்டாரைச் செய்துகொண்டிருக்கிறேன். ஸ்டீல் கம்பி, டிரெட்நாட் என்கிற பெரிய உடல் அளவு. மேல்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரம். பின்பலகையும் பக்கங்களும் ஈட்டி மரம். நவம்பர் அடைமழையில் மேல்பலகையின் உள்பக்கம் அதைத் தாங்கும் பிரேஸ் கட்டைகளை ஒட்டினேன். ஒட்டிய அன்று லேசாக மேடு தட்டி அழகாக இருந்தது. தூசி படாமல் இருக்கட்டும் என்று ஏசி படுக்கையறையில் வைத்தேன். சில நாளில் நடுப்பகுதி உள்ளே குழிந்துவிட்டது. பசை சரியில்லையா, பலகையை அதிகம் இழைத்துவிட்டேனா? ஏசி போட்ட வொர்க்‌ஷாப் இல்லாமல் கிட்டார் செய்யவே முடியாதா? அடுத்த கிட்டாரின் பின்பலகைக்குப் பலா மரம் போடலாமா?

பதில்: உங்கள் பசையும் சரி, பலகையும் சரி. ஒட்டிய நாள்தான் சரியில்லை.

மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், காற்று காய்ந்தால் திருப்பிக் கொடுக்கும். வாங்கும்போது அகலவாக்கில் விரியும், கொடுக்கும்போது சுருங்கும். நீளவாக்கில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இருக்காது. இந்த ஒரு வேறுபாடுதான் உங்கள் பலகையைக் குழித்திருக்கிறது. அடைமழையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால், ஸ்ப்ரூஸ் தன் எடையில் 15, 16 சதவீதம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். காற்று 45 சதவீதத்துக்கு இறங்கினால் அது எட்டு சதவீதத்துக்கு வந்துவிடும். ஆரம் வாக்கில் (அடிமரத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி) அறுத்த நல்ல சிட்கா பலகையாகவே இருந்தாலும், டிரெட்நாட்டின் 400 மில்லிமீட்டர் அகலத்தில் இது சுமார் 4 மில்லிமீட்டர் சுருக்கம்.

பலகை தனியாக இருந்தால் சுருங்கிவிட்டுப் போகட்டும், பாதகமில்லை. ஆனால் நீங்கள் அதன் உள்பக்கம் பிரேஸ்களைக் குறுக்கும் மறுக்குமாக ஒட்டிவிட்டீர்கள். பிரேஸுக்கு அது நீளவாக்கு, அதனால் அது சுருங்காது. உள்முகத்தைப் பிரேஸ் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, வெளிமுகம் மட்டும் சுருங்குகிறது. பலகை வேறென்ன செய்யும், குழிகிறது. குழிந்ததோடு நின்றதற்குச் சந்தோஷப்படுங்கள். இதே பலகையைக் கிட்டார் பெட்டியாக மூடிய பிறகு ஏசி அறைக்குக் கொண்டுபோயிருந்தால், விளிம்பு முழுக்கப் பக்கப்பலகையில் ஒட்டியிருக்கும், குழியவும் வழி குறைந்து மர ரேகையோடு வெடித்திருக்கும்.

இப்போது கையில் இருக்கிற பலகையை என்ன செய்வது? மாடி அறையிலேயே திரும்ப வைத்தால் நாலைந்து நாளில் பழைய மேடு வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு கிட்டார் பெட்டியை மூடிவிடாதீர்கள், சிக்கலும் சேர்ந்து திரும்பி வந்திருக்கும். பிரேஸ்களை எடுத்துவிடுவதுதான் என் யோசனை. சூடு காட்டி, ஈரத்துணி போட்டுக் கழற்றலாம் என்பார்கள். மெல்லிய ஸ்ப்ரூஸில் அது ரேகையைத் தூக்கிவிடும், வளைவையும் உண்டாக்கும். உளியால் பிரேஸை மேலிருந்து செதில் செதிலாக எடுங்கள். கடைசி அரை மில்லிமீட்டரைச் சின்ன இழைப்புளியாலும் ஸ்கிரேப்பராலும் வழித்துவிடுங்கள். பிரேஸ் கட்டை போனால் போகிறது, பலகைதான் விலை கூடிய சரக்கு.

அடுத்து, ஏசி கேள்வி. ஏசி வொர்க்‌ஷாப் தேவையில்லை. கிட்டார் வேலையில் முக்கால்வாசிக்கு ஈரப்பதம் ஒரு பொருட்டே இல்லை. நெக் செதுக்குவது, ஃப்ரெட் பள்ளம் அறுப்பது, பக்கப்பலகையை வளைப்பது எல்லாம் எந்த நாளிலும் செய்யலாம். மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் பிரேஸ் ஒட்டும் நாள், கிட்டார் பெட்டியை மூடும் நாள், இந்த மூன்று வேலைக்கும் மரம் 45 முதல் 50 சதவீத ஈரப்பதக் காற்றில் ஊறி நிலைத்திருந்தால் போதும். அறையைக் காய வைப்பதை விட, பலகையை வைக்க ஒரு பெட்டியைக் காய வைப்பது சுலபம்.

பழைய மர அலமாரியோ, பிளைவுட்டில் அடித்த ஒரு பெட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலும் மேலேயும் சில துளைகள் போடுங்கள். அடிப்பக்கத்தில் பீங்கான் ஹோல்டரில் 25 வாட் குண்டு பல்பு. எல்இடி பல்பு போதிய சூடு தராது, பழைய குண்டு பல்புதான் வேண்டும். பல்பைச் சுற்றி இரும்பு வலை இருக்கட்டும், பலகை ஒரு அடியாவது தள்ளி நிற்கட்டும். வீட்டில் ஆளில்லாதபோது அணைத்துவிடுங்கள். நாலு நாள் வேலை ஆறு நாளாகும், அவ்வளவுதான். காற்றில் இருக்கிற தண்ணீர் அதே அளவில் இருந்தாலும், சூடு ஏறினால் ஈரப்பத சதவீதம் இறங்கும். வெளியே 30 டிகிரியில் 75 சதவீதம் என்றால், பெட்டிக்குள் 37 டிகிரி வந்ததும் அது 50 சதவீதத்துக்கு வந்துவிடும். வாட்டைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி வேண்டும். மலிவானதே போதும், ஆனால் வாங்கியபடியே நம்பாதீர்கள், பத்து சதவீதம் கூட்டியோ குறைத்தோ காட்டுவது சாதாரணம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வருகிற மாதிரி சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மானியையும் ஒரு ஜிப் கவருக்குள் வைத்து மூடி ஒரு ராத்திரி விடுங்கள். உள்ளே காற்று 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மானி 81 காட்டினால் அது ஆறு கூடுதலாகக் காட்டுகிறது என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். உங்கள் ஊரில் உப்புக்கா பஞ்சம்!

பலகை காய்ந்துவிட்டதா என்பதை மானி சொல்லாது, அது காற்றைத்தான் அளக்கிறது. சமையலறைத் தராசு சொல்லும். ஸ்ப்ரூஸ் மேல்பலகையை 3 மில்லிமீட்டருக்கு இழைத்து எடை போட்டால், வெட்டிய அளவைப் பொறுத்து 250, 300 கிராம் இருக்கும். பெட்டிக்குள் வைத்து தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு பென்சிலால் பலகையின் ஓரத்திலேயே குறித்து வாருங்கள். மழைக்காலப் பலகை 15 முதல் 20 கிராம் வரை இறங்கும். தொடர்ந்து மூன்று நாள் எடை மாறாமல் நின்றால் ஒட்டலாம். பிரேஸ் கட்டைகளையும் கூடவே வையுங்கள், அவை தடிமன் என்பதால் இன்னும் கொஞ்சம் நாளாகும்.

ஒட்டுகிற அன்று எல்லாவற்றையும் ஒருமுறை பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். எந்தக் கிளாம்ப் எங்கே, எது முதலில் என்று கை பழகிய பிறகே பலகையை வெளியே எடுங்கள். மெல்லிய பலகை வெளியே வந்த நிமிடத்திலிருந்து ஈரம் வாங்கத் தொடங்கிவிடும். அரை மணி நேரத்துக்குள் ஒட்டி, கிளாம்ப்போடு அப்படியே பெட்டிக்குள் தள்ளுங்கள். அப்புறம் கிட்டார் பெட்டியை மூடும் நாள் வரை அதற்கு வீடு அதுதான்.

செய்து முடித்த கிட்டார் உங்கள் ஊர்க் கடல்காற்றில்தானே இருக்கப்போகிறது, பிறகு எதற்கு 45 என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 45-ல் செய்தது 75-ல் இருந்தால் மேல்பலகை உப்பும், கம்பி கொஞ்சம் உயரும். பிரிட்ஜில் கம்பி உட்காரும் சின்னத் துண்டான சாடிலைத் தேய்த்தால் சரி. 80-ல் செய்தது ஏசி அறைக்கோ டெல்லிக் கோடைக்கோ போனால் வெடிக்கும். இரண்டில் எது பரவாயில்லை என்று பார்த்துத்தான் செய்கிறோம். ஊரைவிட்டே போகாத கிட்டார் என்றால் 50, 55 வரை நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

பசையைப் பற்றி. இந்தக் குழிவுக்குப் பசை காரணமில்லை என்றாலும், சாதாரண வெள்ளைப் பசையை பிரிட்ஜுக்கும் பிரேஸுக்கும் நான் போட மாட்டேன். ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன, ராத்திரி பகலாக. அந்த இழுவையில் வெள்ளைப் பசை மெல்ல மெல்ல நகரும், வெயிலில் நிறுத்திய கார் டிக்கிக்குள் இளகியும்விடும். டைட்பாண்ட் ஒரிஜினல் மாதிரி மஞ்சள் மரப்பசை நல்லது. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரப் பசை காய்ந்தால் நகரவே நகராது, ஆனால் சூட்டோடு சில நொடிகளில் வேலை முடிக்க வேண்டும், முதல் கிட்டாருக்கு வேண்டாம்.

தடிமனைக் கேட்டிருந்தீர்கள். சிட்காவில் 2.8 மில்லிமீட்டரில் நிறுத்துங்கள், முதல் கிட்டாரில் 2.5-க்குக் கீழே போகாதீர்கள். பின்பலகை 2.5, பக்கம் 2 மில்லிமீட்டர் சுமார்.

பலா தாராளமாகப் போடலாம், பின்பலகைக்கும் பக்கத்துக்கும். ஒலியில் பெரும்பங்கு மேல்பலகைக்குத்தான். ஸ்பெயினில் அந்தோனியோ டி டோரஸ் 1862-ல் இதைக் காட்டவே பின்னும் பக்கமும் காகித அட்டையில் வைத்து ஒரு கிட்டார் செய்தார். வீணைக் குடத்தைப் பலாவில் குடைவதைப் பார்த்துவிட்டு மேல்பலகைக்கும் அதையே போடலாமே என்று தோன்றும். வேண்டாம், எடைக்கு ஏற்ற விறைப்பில் அது ஸ்ப்ரூஸுக்குப் பக்கத்தில் வராது. பின்பலகைக்குப் பலா போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு: ஈட்டி மரத்தின் பேரினம் முழுக்க 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், ஈட்டி மரம் வாங்கும்போது ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பலாவுக்கு அந்தத் தலைவலி குறைவு. முடிச்சில்லாத, பல வருடம் காய்ந்த பழைய உத்தரமோ நிலைக்கட்டையோ கிடைத்தால் விடாதீர்கள். ஆணி ஏதும் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு மரமில்லுக்கு அனுப்புங்கள். அறுத்து வந்ததும் 2 மில்லிமீட்டரில் நாலு விரல் அகலத் துண்டு ஒன்றை எடுத்துச் சூடான குழாயில் வளைத்துப் பாருங்கள். இடுப்பு வளைவுக்கு உடையாமல் வந்தால் பக்கப்பலகையை வெட்டலாம். உடைந்தால் இன்னும் கொஞ்சம் மெல்லியதாக இழைத்துத் திரும்ப ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள்.