பழைய 1 ஹெச்பி மோட்டாருக்கு கண்டன்சர் மாத்தணும், மேல எழுத்து அழிஞ்சிருச்சு. எத்தனை எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், கண்டன்சரோட அளவு) போடுறது?

கேட்டவர் வீட்டுல 1988-ல அப்பா வாங்குன 1 ஹெச்பி மோனோபிளாக் மோட்டார் (மோட்டாரும் பம்ப்பும் ஒரே பாடியா சேர்ந்தது), சம்புல இருந்து மாடி டேங்குக்கு தண்ணி ஏத்துறது. இப்ப சுவிட்ச் போட்டா உர்ர்ருனு உறுமுது, சுத்த மாட்டேங்குது. கண்டன்சர் வீங்கிப்போயிருக்கு, எத்தனைனு படிக்க முடியல. ஒரு கடையில 20 போடச் சொல்றாங்க, இன்னொருத்தர் 36 போட்டா நல்லா இழுக்கும்ங்கறார். இதான் கேள்வி.

தயவுசெஞ்சு 36 வாங்கிடாதீங்க. மீதியை பொறுமையா படிங்க, இதை மட்டும் இப்பவே மனசுல வச்சுக்கோங்க.

நான் ரீவைண்டிங் கடை (மோட்டார் காயில் புதுசா சுத்தித் தர்ற கடை) வச்சு 22 வருஷம் ஆச்சுங்க. எங்க சித்தப்பா தோட்டத்துலயும் இதே மாதிரி ஒரு பழைய 1 ஹெச்பி இருந்துச்சு, பொள்ளாச்சி பக்கம், சாயங்காலம் ஆனா வோல்டேஜ் 170-க்கு இறங்கிரும். மோட்டார் கெளம்ப சிரமப்படுதுன்னு அங்க வந்த மெக்கானிக் ஒருத்தர் 20-ஐ கழட்டிட்டு 36 போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டார். போட்ட அன்னைக்கு நல்லா கிண்ணுனு கெளம்புச்சு, சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஒரு மாசம் இருக்கும், புகை வாசம் வருதுன்னு போன் பண்ணாங்க. கடைக்கு கொண்டுவந்து கவரை கழட்டி பாத்தேன், ரன்னிங் காயில் (லைன்ல நேரா இருக்கற மெயின் காயில்) வார்னிஷ் தேன் கலர்ல போட்ட மாதிரியே இருக்கு, அதுக்கு பக்கத்து ஸ்லாட்டுல ஸ்டார்ட்டிங் காயில் மட்டும் கருகருன்னு வெந்துபோயி, நகத்துல தொட்டாலே இனாமல் பொடிப்பொடியா உதிருது. ஒரே மோட்டார், ஒரே தண்ணி, ஒரே வோல்டேஜ், ஒரு காயில் மட்டும் எரியுதுன்னா அந்தப் பக்கம் மட்டும் கரண்ட் அதிகமா போயிருக்குன்னு அர்த்தம். அந்தப் பக்கம் கரண்டை முடிவு பண்றது கண்டன்சர் தான். இது மாதிரி கருகுன காயிலை நான் வருஷத்துக்கு பல தடவை பாக்கறேன், ஒவ்வொரு தடவையும் மனசு சங்கடமா இருக்கும், ஏன்னா இருநூறு ரூபா சாமான்ல முடிய வேண்டிய வேலை அது, ஆயிரக்கணக்குல காசு வாங்க வேண்டியதா போகுது.

ஏன் இப்படி ஆகுதுன்னா, சிங்கிள் பேஸ் கரண்ட் ஒரு காயில்ல மட்டும் போனா காந்தம் ஒரே கோட்டுல முன்னும் பின்னுமா தான் இழுக்கும், சுத்தாது. அதான் உங்க மோட்டார் உறுமிட்டு நிக்கறது. ரெண்டாவதா ஒரு காயில் போட்டு, அதுக்கு வர்ற கரண்டை கண்டன்சர் வழியா கொஞ்சம் முந்தி வர வச்சா தான் ரெண்டும் சேர்ந்து சுத்து காந்தம் கிடைக்கும். நம்ம ஊர்ல அதை ஸ்டார்ட்டிங் காயில்னு சொல்றோம், அந்தப் பேரே ஆளை ஏமாத்திரும், ஏன்னா ரன்னிங் கண்டன்சர் போட்ட மோட்டார்ல அந்தக் காயில் கெளம்புறப்ப மட்டும் இல்ல, மோட்டார் ஓடுற நேரம் முழுக்க லைன்லயே இருக்கு. அதுக்கு மெல்லிசான கம்பி வேற. 20-க்கு பதிலா 36 போட்டா அதுல போற கரண்ட் கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆகும், சூடு கரண்டோட வர்க்கத்துல ஏறும், அப்ப மூணு மடங்குக்கு மேல சூடு. எந்தக் கம்பி தாங்கும் சொல்லுங்க.

கம்மியா போட்டாலும் கெடுதல் தான். கெளம்பாது, கெளம்புனாலும் இழுக்காது, ரன்னிங் காயில் சூடாகும். அதனால பெருசு நல்லதா சின்னது நல்லதாங்கற பேச்சுக்கே எடம் இல்ல, அந்த வைண்டிங்குக்கு எது பொருந்துமோ அது தான். ஹெச்பியை மட்டும் வச்சு முடிவு பண்ணவும் முடியாது. 1 ஹெச்பி மோனோபிளாக்குல பெரும்பாலும் 20 இல்ல 25 பாத்திருக்கேன், ஆனா போர்வெல் சப்மர்சிபிள் அதே 1 ஹெச்பிக்கு 36 வரும். உங்களுக்கு 36 சொன்னவர் அந்தப் பழக்கத்துல சொல்லியிருக்கலாம்.

லோ வோல்டேஜ் விஷயத்தையும் சொல்லிடறேன், பலபேர் 36-க்கு போறதே அதனால தான். மோட்டாரோட இழுவை வோல்டேஜோட வர்க்கத்தைப் பொறுத்தது. 230-க்கு பதிலா 170 வந்தா இழுவை பாதியை கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான், சுமார் 55 சதவீதம். அதை கண்டன்சர் வச்சு சரிக்கட்ட பாத்தா ராத்திரி வோல்டேஜ் 240 வர்றப்ப அதே கண்டன்சர் காயிலை கொன்னுரும். வோல்டேஜ் கம்மின்னா ஒயர் தடிமன், ஜாயின்ட், ஸ்டெபிலைசர் இதுல கவனம் வைங்க, இல்ல வோல்டேஜ் இருக்கற நேரத்துல தண்ணி ஏத்துங்க.

இப்ப உங்க மோட்டாருக்கு வருவோம். கழட்டறதுக்கு முன்னாடி மெயினை ஆஃப் பண்ணுங்க, வெறும் சுவிட்ச் போதாது, பழைய வீட்டு வயரிங்ல சுவிட்ச் நியூட்ரல்ல இருக்கறதை நான் நெறைய பாத்திருக்கேன், ஆஃப் பண்ணாலும் மோட்டார்ல கரண்ட் நிக்கும். அப்புறம் கண்டன்சர்ல இருக்கற சார்ஜை எறக்கணும். ஸ்க்ரூடிரைவரை குறுக்க வச்சு பட்டுனு பொறி பறக்க விடுவாங்க, அப்படி பண்ணாதீங்க, உள்ள சுத்தியிருக்கற மெல்லிசான பிலிம் டெர்மினலோட சேர்ற ஓரம் அடிவாங்கும், கண்ணுக்கும் ஆபத்து. ஹோல்டர்ல ஒரு 100 வாட்ஸ் குண்டு பல்பு மாட்டி ரெண்டு ஒயரையும் ரெண்டு டெர்மினல்லயும் கொஞ்ச நேரம் வைங்க, போதும். உங்க மோட்டார் வயசுக்கு கண்டன்சர் தகர டப்பா மாதிரி இருந்து எண்ணெய் ஒழுகுனா வெறுங்கையில தொடாதீங்க, அந்தக் காலத்து எண்ணெய்ல சிலது உடம்புக்கு ரொம்ப கெடுதல், கையுறை போட்டு எடுத்து தனியா கட்டி வைங்க.

கழட்டுன உடனே ஷாஃப்டை கையில சுத்திப் பாருங்க. பின்பக்க ஃபேன் கவரை கழட்டுனா கை வைக்கலாம். லேசா சுத்தணும். ரொம்ப நாள் சும்மா கெடந்த மோட்டார்ல இம்பெல்லர் (தண்ணி தள்ளுற சக்கரம்) துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும், அதுக்கும் இதே உறுமல் சத்தம் தான் வரும், கண்டன்சர் மேல பழி போட்டு பிரயோஜனம் இல்ல. அப்படியே மல்டிமீட்டர்ல மூணு ஒயரையும் ஓம்ஸ் பாருங்க. காமன்ல (ரெண்டு காயிலுக்கும் பொதுவான ஒயர்) இருந்து ஒரு காயில், காமன்ல இருந்து இன்னொரு காயில், ரெண்டையும் கூட்டுனா வர்ற நம்பர் தான் மீதி ரெண்டு ஒயருக்கு நடுவுல வரணும். வரலைன்னா கண்டன்சர் வாங்க போகாதீங்க, நேரா ரீவைண்டிங் கடைக்கு வாங்க.

அடுத்தது, மோட்டார் ஓடிட்டு இருந்த காலத்துல ஆஃப் பண்ணுனா வேகம் கொறையறப்ப உள்ள டக்குனு ஒரு சத்தம் வருமானு வீட்டுல கேளுங்க. வந்திருந்தா உள்ள சென்ட்ரிபியூகல் சுவிட்ச் (வேகம் ஏறுனதும் தானா கழண்டுக்கற சுவிட்ச்) இருக்கு, அது ஸ்டார்ட்டிங் கண்டன்சர் போட்ட மோட்டார். அந்த மாதிரி மோட்டார்ல கறுப்பு கலர் பேக்லைட் டப்பா, 100-120 மாதிரி பெரிய நம்பர் போட்டது இருக்கும், கெளம்புன சில செகண்டுல கழண்டுக்கற கண்டன்சர் அது. ரன்னிங் கண்டன்சர் இருக்கற எடத்துல அதை மாட்டுனா கொஞ்ச நேரத்துல வெடிச்சிரும். ஒன்னுக்கு ஒன்னு மாத்தவே கூடாது. சத்தம் எதுவும் இல்லாம ஒரே ஒரு கண்டன்சர் தான் இருந்துச்சுன்னா ரன்னிங் டைப்.

எத்தனைங்கறதுக்கு மொத எடம் நேம் பிளேட். மண்ணெண்ணெய் துணியில தொடச்சு, டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சா அழிஞ்ச எழுத்துகூட தெரியும், ஆம்ப்ஸும் கண்டன்சர் நம்பரும் அதுல இருக்கும். டெர்மினல் பாக்ஸ் மூடி உள்பக்கமும் பாருங்க. ஆனா ஒரு விஷயம், 1988 மோட்டார்னா நடுவுல ஒரு தடவையாவது ரீவைண்ட் ஆகியிருக்கும். சுத்துனவர் கம்பி கேஜையோ சுத்து எண்ணிக்கையையோ மாத்தியிருந்தா பிளேட்ல இருக்கற நம்பர் இப்ப செல்லாது. வீட்டுல கேட்டு பாருங்க. பழைய கண்டன்சரை மீட்டர்ல பாத்து 13 வருது, அப்ப 12.5 வாங்கலாம்னு போகாதீங்க, இந்த பிலிம் கண்டன்சர் தேயத்தேய நம்பர் கொறஞ்சுகிட்டே தான் வரும், அது 20-ஆ பொறந்து 13-க்கு வந்திருக்கும்.

எதுவும் தெரியலைன்னா மோட்டார்கிட்டயே கேக்கறது தான் நான் கடையில பண்றது. 10, 5, 10-னு மூணு கண்டன்சர் வச்சுக்குவேன், பேரலல்ல சேர்த்தா கூடிக்கும், 10-ம் 5-ம் 15, ரெண்டு 10 சேர்ந்தா 20, மூணும் 25. பம்ப்ல தண்ணி நெரப்பி, வழக்கமா ஏத்துற உயரத்துக்கு ஏத்த விட்டு (தண்ணி இல்லாம ஓட்டவே கூடாது, சீல் போயிரும்), லைன் ஒயர்ல டாங் டெஸ்டர் (ஒயரை கவ்விப் பிடிச்சு ஆம்ப்ஸ் காட்டுற மீட்டர்) போட்டு ஒவ்வொன்னுக்கும் ஆம்ப்ஸ் எழுதிக்குவேன். ஒவ்வொரு தடவை மாத்தறப்பவும் மெயின் ஆஃப், பல்பு வச்சு டிஸ்சார்ஜ், அப்புறம் தான் கை. போன மாசம் வந்த ஒரு 1 ஹெச்பிக்கு 15-ல 6.4, 20-ல 5.7, 25-ல 6.0 ஆம்ப்ஸ். எங்க கரண்ட் கம்மியோ, சத்தம் அடங்கி ஓடுதோ, அது தான் அதுக்கு ஏத்தது, நான் 20 போட்டு அனுப்புனேன். அதோட நேம் பிளேட்ல போட்ட ஆம்ப்ஸை தாண்டவும் கூடாது. போட்டதுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் ஓட்டிட்டு, ஆஃப் பண்ணிட்டு, பாடியில கை வச்சு பாருங்க, அஞ்சு செகண்டாவது வைக்க முடியணும்.

கண்டன்சர் நல்லதானு ஓட்டத்துலயே கண்டுபிடிக்கவும் ஒரு வழி இருக்கு. கண்டன்சர் ஒயர்ல போற ஆம்ப்ஸை 3183-ஆல பெருக்கி, கண்டன்சர் ரெண்டு முனைக்கு நடுவுல இருக்கற வோல்டேஜால வகுத்தா எம்எஃப்டி வரும் (நம்ம 50 சைக்கிள் கரண்டுக்கு). 2.05 ஆம்ப்ஸ், 328 வோல்ட்டுன்னா 19.9, அப்ப 20 போட்டது நல்லா இருக்கு. மீட்டர் ஒயரை கரண்ட் இல்லாதப்பவே மாட்டி, தள்ளி நின்னுகிட்டு ஆன் பண்ணுங்க.

வீட்டு கரண்ட் 230 தான, இங்க எப்படி 328 காட்டுதுன்னு தோணும். காயிலும் கண்டன்சரும் ஒன்னுக்கொன்னு எதிரா நிக்கறதால கண்டன்சர் மேல லைனை விட அதிக வோல்டேஜ் ஏறும், 350 தாண்டறதும் உண்டு. இதனால தான் ரன்னிங் கண்டன்சர்ல 440 வோல்ட் ஏசின்னு போட்டிருக்கும். 250 வோல்ட் போட்டது விலை கம்மியா கெடச்சாலும் வாங்காதீங்க, நிக்காது. 450 போட்டது கெடச்சா தாராளமா போடலாம், எம்எஃப்டி தான் மாறக்கூடாது, வோல்ட் கூட இருக்கலாம்.

கடையில வாங்கறப்ப லேபிளை நிதானமா படிங்க. எம்எஃப்டி பக்கத்துல 5 சதவீதம்னு இருக்கணும், அப்ப 20-ன்னா 19-ல இருந்து 21-க்குள்ள. ஐஎஸ் 2993 போட்டிருக்கானு பாருங்க, மோட்டார் கண்டன்சருக்கான இந்திய தரம் அது. ஏ, பி, சி, டின்னு கிளாஸ் போட்டிருந்தா ஏ 30,000 மணி நேரம், பி 10,000, சி 3,000, டி 1,000. தினம் ஒரு மணி நேரம் ஓடுற வீட்டு பம்ப்புக்கு பி நல்லா போதும். 25/85/21-ன்னு ஒரு நம்பர் இருக்கும், நடுவுல இருக்கற 85 தான் அது தாங்குற சூடு, 70 போட்டதும் வரும், வெயில்ல தகர ஷெட்டுக்குள்ள இருக்கற மோட்டார்னா 85 வாங்குங்க. எல்லாத்துக்கும் மேல, கடைக்காரர்கிட்ட மீட்டர் வச்சு காட்ட சொல்லுங்க, தப்பா நெனைக்க மாட்டாங்க. 25-ன்னு அச்சடிச்சு 18 காட்டுன கண்டன்சரை நான் கையில வச்சு பாத்திருக்கேன், அதே நம்பர் போட்ட நல்ல கண்டன்சர் பக்கத்துல வச்சா எடையே பாதிக்கு பாதி கம்மியா இருந்துச்சு.

மாட்டறப்ப ஒயர் முனையில லக் (சொருகுற உலோகக் கிளிப்) அடிச்சு இறுக்கமா சொருகுங்க, ஒயரை முறுக்கி டேப் சுத்தாதீங்க, லூஸ் ஜாயின்ட்ல சூடாகி புது கண்டன்சர் டெர்மினலே உருகிரும். ஒயர் வெளிய வர்ற பக்கம் கீழ பாத்த மாதிரி வச்சா தண்ணி எறங்காது. அப்புறம் டெர்மினல் பாக்ஸ் மூடி உள்பக்கம் பெயிண்ட்ல, இன்னைக்கு தேதியும் போட்ட எம்எஃப்டியும் எழுதி வைங்க. உங்க அப்பா காலத்துல யாராவது அதை எழுதியிருந்தா நீங்க இன்னைக்கு இந்தக் கேள்வியே கேட்டிருக்க வேண்டியதில்ல.

பிளேட்ல எதுவுமே தெரியலைன்னா 20 போட்டு ஆரம்பிங்க, 15-லயும் 25-லயும் கூட ஆம்ப்ஸ் எடுங்க. மூணு நம்பரையும், அந்த நேரத்து லைன் வோல்டேஜையும் கீழ கமெண்ட்ல போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.