கழுத்தில் அடிபட்டால் ஆட்டத்தை விட வேண்டுமா? கேள்வி பதில்

நாகர்கோவிலில் பிசியோதெரபி பார்க்கிறேன். கபடி, கால்பந்து ஆடும் பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். வேல்ஸ் நாட்டு ரக்பி வீரர் சாம் வார்பர்டன் காயத்தால் ஓய்வுபெற்றதைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் இவை.

தக்கலை வாசகர்: ஆபரேஷன்தான் செய்துவிட்டார்களே சார், பிறகும் ஏன் 29 வயதில் ஓய்வு?

வார்பர்டன் சாதாரண ஆள் இல்லை. வேல்ஸுக்காக 74 ஆட்டங்கள் ஆடியவர். பிரிட்டன், அயர்லாந்து வீரர்களைச் சேர்த்து நான்கு வருடத்துக்கு ஒருமுறை அமைக்கும் லயன்ஸ் அணிக்கு 2013-லும் 2017-லும் தலைவர். 2017 நியூசிலாந்து பயணத்துக்குப் பிறகு கழுத்திலும் முழங்காலிலும் ஆபரேஷன் நடந்தது. பயிற்சிக்குத் திரும்பிப் பார்த்தார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. 2018 ஜூலையில் ஓய்வை அறிவித்தார்.

அவர் ஆடிய இடத்தைப் புரிந்துகொண்டால் காரணம் தெரியும். எதிரணிக்காரன் பந்தோடு கீழே விழுந்ததும் முதல் ஆளாகப் போய், காலை அகட்டி ஊன்றி, இடுப்பை வளைத்து, குனிந்து பந்தைப் பறிப்பதுதான் அவருடைய வேலை. குனிந்த அந்தக் கழுத்தின் மேலும் தோளின் மேலும் நூறு கிலோ ஆட்கள் ஓடிவந்து மோதுவார்கள். ஒரே ஆட்டத்தில் இது பலமுறை நடக்கும். ஆபரேஷன் செய்த கழுத்து பைக் ஓட்டப் போதும், குழந்தையைத் தூக்கப் போதும். அந்த மோதலைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. தாங்காது என்று தெரிந்த நாளில் நிறுத்தினார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அதனால்தான்.

குளச்சல் வாசகர்: ரக்பியும் ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்க ஆட்டமும் ஒன்றா?

இல்லை. ரக்பியில் கெட்டி ஹெல்மெட் கிடையாது, பந்தைக் கையால் முன்னால் எறியவும் கூடாது.

கருங்கல், ஒரு தாய்: மகன் கபடியில் விழுந்ததும் ஒரு கை ஷாக் அடித்த மாதிரி மரத்துப்போனது. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. பயப்பட வேண்டுமா?

கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்பு இழுபட்டாலோ நசுங்கினாலோ இப்படி வரும். பெரும்பாலும் தானே சரியாகும். ஆனால் அன்றைக்கு மறுபடி களத்தில் இறக்காதீர்கள். இரண்டு கையும் மரத்தாலோ, காலில் பலம் குறைந்தாலோ, கழுத்தின் நடு எலும்பில் வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு பையன் என்னிடம் வந்தான். வலி இல்லை அண்ணே, சும்மா காட்டிட்டுப் போகலாம்னு வந்தேன் என்றான். சட்டையைக் கழற்றச் சொன்னேன். இடது கையாலேயே எல்லாப் பொத்தானையும் கழற்றினான். வலது கையால் கழற்று என்றேன். பொத்தானைப் பிடித்தான், விரல் வழுக்கியது. மூன்று முறை வழுக்கியது. அவன் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை. வலி போய்விட்டது என்பதால் பலம் திரும்பிவிட்டது என்று ஆகாது.

திருவட்டாறு வாசகர்: என் தாத்தா வர்ம ஆசான். பிடரியில் ஒரு இளக்குமுறை (தட்டியும் தடவியும் தெளியவைக்கும் வர்ம வைத்தியம்) செய்தால் விழுந்தவன் எழுந்து நடப்பான். ஏன் ஆஸ்பத்திரிக்கு விரட்டுகிறீர்கள்?

நானும் இந்த மாவட்டத்தில் பிறந்தவன்தான். சின்ன வயதில் சுளுக்கிய என் கணுக்காலைத் தைலம் போட்டுத் தடவிக் கட்டியது ஒரு ஆசான்தான். உடம்பின் வர்மப் புள்ளிகளில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கேட்டு வளர்ந்தவன். நான் சொல்வது ஒன்றுதான்: விழுந்த உடனே கழுத்தைத் தொடாதீர்கள். எலும்பு உடைந்திருந்தால் உடைந்த துண்டுக்குப் பக்கத்திலேயே தண்டுவடம் இருக்கிறது. திருப்பினால், நடக்கக்கூடிய பிள்ளை நடக்காமல் போகலாம்.

மார்த்தாண்டம் வாசகர்: ஆசான் வெற்றிலை பாக்கோடு தருவதை வாங்கிக்கொள்வார். ஸ்கேனுக்கு ஏழை எங்கே போவான்?

நியாயமான கேள்வி. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 108-க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். பணத்தை நினைத்து, அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

மறுபடியும் திருவட்டாறு: அப்படியானால் ஆசான்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறீர்கள்.

அப்படிச் சொல்லவே இல்லை. ஒரு கோயில் கொடை கபடியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பையன் தலைகுப்புற விழுந்தான். நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கப் போனார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான ஆசான் "விடுங்கலே!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். பையனின் தலையை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து, இருந்த நிலையிலேயே அசையாமல் பிடித்துக்கொண்டார். கால் பெருவிரலை ஆட்டு மக்களே என்றார். விரல் மெதுவாகத்தான் அசைந்தது. "இது என் கைக்குரியது இல்லை, வண்டியைக் கூப்பிடு" என்றார். வண்டி வரும்வரை மண்ணில் முட்டி போட்டபடியே இருந்தார், கையை எடுக்கவில்லை. உங்கள் தாத்தாவும் அதைத்தான் செய்திருப்பார் என்று நம்புகிறேன்.

இரணியல், குலசேகரம், கொட்டாரம் வாசகர்கள்: எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. ஆடலாமா?

மூன்று பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கும் நரம்பும் அதில் தெரியாது. கையில் பலம் குறைந்திருந்தால் நரம்பு மருத்துவரைப் பாருங்கள்.

புதுக்கடை வாசகர்: எக்ஸ்ரே நார்மல், கழுத்துக்கு எண்ணெய் போட்டு நீவலாமா?

மேலே இருப்பதைத் தயவுசெய்து படியுங்கள். விழுந்த கழுத்தை நீவாதீர்கள், சொடுக்கு எடுக்காதீர்கள்.

தூத்தூர் வாசகர்: கால்பந்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது.

அதற்குத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன். அதுவரை எலும்பு மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: 2011 உலகக் கோப்பை அரையிறுதியில் வார்பர்டனுக்குச் சிவப்பு அட்டை கொடுத்தது அநியாயம்தானே?

பிரான்ஸ் வீரரைத் தூக்கிக் கவிழ்த்துக் கீழே விட்டார். வேல்ஸ் 8-9 என்று ஒரு புள்ளியில் தோற்றது. ரசிகனாக எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் தலைகீழாக விழுபவனின் முழு எடையும் கழுத்தில்தான் இறங்கும். நடுவர் செய்தது சரி.

பெயர் வேண்டாம் என்றவர்: 22 வயது. டிஸ்க் நரம்பை அழுத்துகிறது, ஆடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயந்தாங்கொள்ளி என்கிறார் எங்கள் மாஸ்டர்.

தம்பி, இங்கிலாந்தின் ஸ்டீவ் தாம்சன் 2003-ல் உலகக் கோப்பை வென்றவர். கழுத்துக் காயத்தால் 2007-ல் ஓய்வு அறிவித்தார். பிறகு திரும்பி வந்து ஆடினார். 2011-ல் கழுத்தே மறுபடி நிறுத்த வைத்தது. நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு மறதி நோய் என்று தெரிந்தது. அது கழுத்தால் வந்தது இல்லை, வருடக்கணக்கில் தலையில் வாங்கிய அடிகளோடு சேர்த்துப் பேசப்படுவது. கோப்பையை வென்ற அந்த ஆட்டமே நினைவில் இல்லை என்று அவரே சொன்னார்.

கபடியை விட்டுவிட்டு நீ என்ன செய்வாய் என்று எனக்கும் கவலை இருக்கிறது. நடுவராகலாம், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அதை உட்கார்ந்து பேசுவோம். சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு வா. மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு வா. எந்த இடத்தில் நரம்பு அழுந்துகிறது என்று அவருக்கு நானே காட்டுகிறேன்.